மேலேயா கீழேயா

வெள்ளி இரவு பத்தரைக்கு
மூன்றாம் மாடி ஹபீபா கேட்டது ஒரே வரி:
"நாளைக்குத் தண்ணி லாரி வருமா?"

கொருக்குப்பேட்டை, சி பிளாக்.
இருபத்துநாலு வீடு, இருபத்தாறு மெயில் முகவரி.
நான் செயலாளர். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால்.

முதல் பதில் நாகபூஷணம்:
"எனக்கும் அதே சந்தேகம்."
எல்லாருக்கும் அனுப்பினார்.
அடுத்தது அவர் மனைவி, அதே கட்டிலிலிருந்து:
"எங்களுக்கும்."

பதினோரு மணிக்கு ரொசாரியோ வந்தார்.
துறைமுக சிக்னல் டவரில் முப்பது வருஷம்
கப்பல்களோடு பேசி ஓய்ந்தவர்.
"கேள்விக்குக் கீழேதான் பதில் எழுத வேண்டும்.
பதிலைச் சொல்லிவிட்டு எவரும் கேள்வி கேட்பதில்லை.
தேவையற்ற வரிகளை வெட்டவும். முடிந்தது."
'முடிந்தது' போடாமல் அவர் எதையும் முடிப்பதில்லை.

தேசப்பன் டிரெய்லர் ஓட்டுபவர்.
எண்ணூர் நெடுஞ்சாலையில், கன்டெய்னர் வரிசையில்
நின்றபடி கட்டைவிரலால் எழுதினார்:
"மேல எழுதுனாத்தான் சார் எனுக்குத் தெரியும்.
கீழ எறங்கிப் பாக்கறதுக்குள்ள
முன்னாடி வண்டி நவுந்துடுது."

குணசுந்தரிக்கு வெட்டுவதில்தான் வழக்கு.
"பணம் தர மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை"
என்று போன மாசம் எழுதினாராம்.
யாரோ சுருக்கிவிட்டார்கள்.
"பணம் தர மாட்டேன்" மட்டும்
அவர் பேரோடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.
"இனிமே என் வரியில யாராவது கத்திரி வெச்சீங்க..."
அந்த வாக்கியத்தை அவரே முடிக்கவில்லை.

ஒவ்வொரு பதிலுக்கும் இடப்பக்கம் ஒரு கோடு ஏறியது.
பழைய எழுத்தெல்லாம் வலது ஓரத்துக்கு ஒதுங்கி,
என் செல்போனில் ஹபீபாவின் கேள்வி
ஒரு எழுத்து அகலத்துக்கு மெலிந்து நின்றது

                              வ
                              ரு
                              மா

நாற்பத்திமூன்றாவது மெயில் என்னுடையது.
இரண்டாம் மாடி ஏகவல்லிக்கு மட்டும் எழுதியது:
"இந்த டவர் பெருசுக்கு வேற வேலையே இல்லையாக்கா?"
பொத்தானை அழுத்திய பிறகுதான் பார்த்தேன்,
பெறுநர் வரிசையில்
இருபத்தாறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.
அதற்குப்பின் யாரும் எதுவும் எழுதவில்லை.

சனி காலை ஐந்தரை.
பச்சை, ஆரஞ்சு, வாய் உடைந்த நீலம்,
அறுபது குடம் ரயில்வே கேட் வரைக்கும்.
சரக்கு வண்டி போனது, கேட் திறந்தது, மூடியது,
திரும்ப ஒரு சரக்கு வண்டி.
ரொசாரியோ நாலாவதாக நின்றார், ஒற்றை பக்கெட்டோடு.
நான் பதினேழாவது. அவர் முதுகைப் பார்க்கவில்லை.

எட்டு மணிக்கும் லாரி இல்லை.
வெயில் ஏற, சும்மா செல்போனைத் தள்ளிக்கொண்டே போனேன்,
சண்டைக்குக் கீழே, கோடுகளுக்குக் கீழே,
மூன்று புள்ளிக்குள் மடித்து வைத்ததைப் பிரித்தால்
ஹபீபாவின் கேள்விக்கு நேர் கீழே
இரவு பதினொன்று நாற்பது:

"வராது. டிப்போவில் கேட்டுவிட்டேன்.
ஞாயிறு காலை ஆறு மணி. முடிந்தது."

கால் தானாக நடந்து நாலாவது இடத்துக்குப் போனது.
"தெரிஞ்சுமா சார் நிக்கறீங்க?"
பக்கெட்டைக் கை மாற்றினார்.
"எல்லாரும் நின்னீங்க.
நான் கேட்டதுதான் தப்போன்னு நெனச்சேன்."

மேலே மூன்றாம் மாடியிலிருந்து ஹபீபா:
"இன்னாச்சு, வருமா வராதா?"
கீழிருந்து தேசப்பன் கத்தினார், "வராதாம்!"
அது மேலே போய்ச் சேர்ந்தது, ஒரே தடவையில்.

அன்று இரவு அவருக்கு மட்டும் எழுதினேன்.
பெறுநர் வரியை மூன்று முறை பார்த்தேன்.
அவர் எழுதியதற்குக் கீழே, ஒரு வரி இடம் விட்டு,
மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு தரம் அழித்து
மூன்றாம் தரம் விட்டேன்.

ஞாயிறு. லாரி வந்தது. ஆறே கால்.
ஈரக் கையோடு செல்போனைத் திறந்தால்
அவர் பதில்:
"பரவாயில்லைம்மா."

மேலே எழுதியிருந்தார்.
முடிந்தது என்று போடவில்லை.